முன்பாரமும் பின்பாரமும்

முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்கள் நம் பக்கத்தில் தினமும் புழங்கிக்கொண்டிருந்தன. மாட்டு வண்டி போனதும் அவையும் போய்விட்டன. எழுபதைத் தாண்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரட்டைமாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரம், நடுவில் அச்சு. அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் உட்கார்ந்து அழுத்தும். பின்னால் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பும். கழுத்துக்கு அடியில் கட்டிய பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இரண்டுமே கெடுதல். முதலாவதில் கழுத்துப் புண், இரண்டாவதில் மூச்சுத் திணறல். அதனால் எத்தனை மூட்டை ஏற்றினோம் என்று கேட்பதற்கு முன்னால், எங்கே ஏற்றினோம் என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள்.

1959 தைப்பூசத்துக்கு எங்கள் அப்பாரு கூண்டு வண்டி கட்டிப் பழனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு எட்டு வயது. சோமனூரிலிருந்து சாமளாபுரம், பல்லடம், உடுமலை, மடத்துக்குளம் வழியாகப் பழனி நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். போக நாலு நாள். ராத்திரி எங்கே புளியமரமும் கிணறும் இருந்ததோ அங்கே வண்டியை அவிழ்த்து, மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்து, வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தோம். இப்போது காசு கொடுத்துக் 'கேம்பிங்' போகிறார்களே, அதேதான்.

வண்டியில் என்னென்ன இருந்தது என்பது இன்னும் நினைவில் இருக்கிறது. கட்டுச்சோத்து மூட்டை, அரிசி, கம்பு மாவு, பித்தளைக் குடம் இரண்டு, லாந்தர், போர்வைகள், மாட்டுக்குப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும், சோளத்தட்டுக் கட்டு. பாரத்தில் பாதிக்கு மேல் மாட்டுத் தீவனம்தான். புறப்படும் முன் அப்பாரு மாட்டைப் பூட்டவில்லை. மூக்கணையைக் கையால் தூக்கிப் பார்த்தார். தூக்கினால் கொஞ்சம் கனம் தெரிய வேண்டும், ஆனால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இருக்கக்கூடாது. அவருக்குத் திருப்தி வரும்வரை புண்ணாக்கு மூட்டை முன்னும் பின்னும் நகர்ந்தது. தீவனம் தீரத் தீர எடை மாறும் என்பதால் தினமும் காலையில் இதே சோதனைதான். மேட்டில் ஏறும்போது வண்டி ஓட்டுபவர் முன்னால் நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னால் சாய்வார். நொய்யல் மணலில் இறங்கியபோது எங்களை எல்லாம் கீழே இறக்கி நடக்கவிட்டார். நாங்கள் நாலு பிள்ளைகளும் இரண்டு பெண்களும் இறங்கியதில் மூன்று மூட்டைக் கனம் குறைந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு விசேஷத்துக்குப் போன வண்டி ஒன்று, பின்பாரத்தோடு மேட்டில் ஏறும்போது ஏர்க்கால் எழும்பி, வலத்து மாடு கால் மடங்கி விழுந்ததை நானே பார்த்தேன். மயிலைக் காளை. நாக்கு வெளியே வந்துவிட்டது. பூட்டாங்கயிற்றை அரிவாளால் அறுத்துத்தான் காப்பாற்றினார்கள்.

1965-இல் மத்திய அரசு வண்டி மாடுகளுக்கென்று ஒரு விதி போட்டது. எவ்வளவு பாரம் என்பதோடு, நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் ஓட்டக்கூடாது, 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் ஊரில் பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை பூட்டக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அப்பாரு அதைப் படித்திருக்க மாட்டார். ஆனால் உச்சி வெயிலில் வண்டி ஓட்டியவரும் இல்லை.

இதையெல்லாம் நான் மறந்தே போயிருந்தேன். பிறகு முப்பத்தாறு வருஷம் ஒரு மில்லின் நூல் குடோனில் எடை போட்டுச் சம்பளம் வாங்கினேன். பாவு நூல் இவ்வளவு கொடுத்தோம், ஊடை இவ்வளவு கொடுத்தோம், துணி இவ்வளவு வந்தது, சேதாரம் எவ்வளவு என்பதே வாழ்க்கையாக இருந்தது. அங்கே எடை எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி. எங்கே என்பது கேள்வியே இல்லை.

2017 செப்டம்பரில் நானும் மனைவியும் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். பள்ளி விடுமுறைக்கு ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குப் போவதாக ஏற்பாடு. அடிலெய்டிலிருந்து வடக்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல். மாப்பிள்ளை ஒரு பெரிய ஜீப் மாதிரி வண்டி வைத்திருந்தார். அதற்குப் பின்னால் மடக்குக் கூடாரம் வைத்த ஒற்றை அச்சு டிரெய்லர். தார் ரோடு முடிந்து கல்லும் மணலுமான பாதையில் போய், காய்ந்த ஓடை ஓரத்தில் நாலு ராத்திரி தங்க வேண்டும். தண்ணீர் முதல் விறகு வரை நாமே கொண்டுபோக வேண்டும். தேசியப் பூங்காவில் ஒரு சுள்ளி பொறுக்கக்கூடாது.

மாப்பிள்ளை கணக்கில் கெட்டி. எல்லாச் சாமானையும் வீட்டுத் தராசில் நிறுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். டிரெய்லரின் வெற்று எடை 1,050 கிலோ என்று தகட்டில் இருந்தது. மொத்தம் 1,500-க்கு மேல் போகக்கூடாது. அவர் கணக்கில் 1,460 வந்தது. புறப்பட முதல் நாள் சாயங்காலம் நான் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பின்புறக் கம்பியில் பேரன் பேத்தியின் இரண்டு சைக்கிள்கள். அதற்குப் பக்கத்தில் ஜெனரேட்டர். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. முன்னால் சாமான் குறைச்சல்.

"மாப்பிள்ளை, பின்பாரமா இருக்குதுங்களே?"

"லிமிட்டுக்குள்ளதானுங்க மாமா இருக்குது."

"லிமிட்டு சரிங்க. சக்கரத்துக்கு முன்னால எவ்வளவு, பின்னால எவ்வளவு?"

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காலைல எடைமேடைக்கே போயிட்டு வந்துரலாமுங்க" என்றார். அந்தக் குணத்துக்காகவே பெண்ணைக் கொடுத்தோம் என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள்.

அந்த ஊரில் பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் வண்டியை நிறுக்கலாம். ஜீப்போடு சேர்த்து ஒரு முறை, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு முறை, கழற்றி டிரெய்லரைத் தனியாக ஒரு முறை. தனியாக நின்றபோது 1,560 காட்டியது. மாட்டியிருந்தபோது சக்கரத்தின் மேல் 1,480. அப்படியென்றால் ஜீப்பின் கொக்கி தாங்கியது 80 கிலோ. மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதுதான் அப்பாரு மூக்கணையைத் தூக்கிப் பார்த்த கணக்கு.

கணக்கில் வராத நூறு கிலோ எங்கிருந்து வந்தது? தகட்டில் போட்டிருப்பது கம்பெனியிலிருந்து வெளிவந்த நாளின் எடை. பிறகு வாங்கி மாட்டிய பேட்டரி, நிழல் பந்தல், இரண்டாவது ஸ்டெப்னி எதுவும் அதில் இல்லை. அவற்றை மாப்பிள்ளை சாமானாக நினைக்கவில்லை, வண்டியாகவே நினைத்துவிட்டார். பஞ்சுக்கு நாம் இன்னும் கண்டிக் கணக்குதான் வைத்திருக்கிறோம், ஒரு கண்டி ஏறக்குறைய 356 கிலோ. ஆறு பேர் நாலு ராத்திரி தங்க ஒன்றரைக் கண்டிக்குப் பக்கம் சாமான் ஏறியிருந்தது!

பின்பாரம் என்றால் அங்கே தொண்டை இறுகுவதற்கு மாடு இல்லை. அதனால்தான் ஆபத்து அதிகம். மாடு மூச்சு வாங்கும், நின்றுவிடும், முறைக்கும். இரும்பு எதுவும் சொல்லாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சாதுவாக வரும் டிரெய்லர், நூறு கிலோமீட்டரில் ஒரு பெரிய லாரி காற்றை அடித்துக்கொண்டு கடந்து போகும்போது வாலை ஆட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் வளர்ந்தால் முன்னால் இருக்கும் வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

மறுபடி அடுக்கினோம். பின் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டதில் 60 கிலோ போயிற்று. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அதில் தள்ளுபடி கிடையாது. ஜெனரேட்டர் 45 கிலோ வீட்டிலேயே நின்றது. மடக்கு மேசை வகையறா 15. என் மனைவியின் இட்லிப் பாத்திரம், ஈய உருளி, பத்து நாளைக்கு ஆகும் அரிசி எல்லாம் சேர்ந்து 20. அந்த இருபது கிலோவுக்கு நடந்த பேச்சுவார்த்தை மற்ற நூற்றிருபதுக்கும் நடக்கவில்லை. சைக்கிளை விட்டுவிடலாம் என்றதும் பேத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்புச்சி, நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாங்க" என்று என்னிடம் வந்தாள். இரண்டு சைக்கிளையும் பின்னாலிருந்து எடுத்து, டிரெய்லரின் மூக்குக் கம்பிக்கு மேல் வைத்துக் கட்டினோம்.

இப்போது டிரெய்லர் 1,420, கொக்கியின் மேல் 135. ஆனால் இதில் ஒரு வில்லங்கம். கொக்கியில் கூடிய 55 கிலோவும் ஜீப்பின் தலையில்தான் விழுகிறது. ஜீப்பின் எல்லை 2,990. காலையில் 2,960 இருந்தது, இப்போது 3,015. கொக்கிப் பாரம் ஜீப்பின் கணக்கிலும் சேரும் என்பதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அங்கே நன்றாக விற்கும் ஒரு பிக்கப் வண்டியில் 3,500 கிலோ இழுக்கும் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 6,000 தாண்டக்கூடாது என்பது உள்ளே எங்கோ இருந்தது. வண்டியை அதன் எல்லையான 3,200 வரை நிரப்பினால் இழுக்க மிச்சம் 2,800-தான். பெரிய எழுத்தில் இருப்பது விற்பனைக்கு, சின்ன எழுத்தில் இருப்பது நமக்கு.

கடைசியில் ஜீப்பின் கூரை மேலிருந்து விறகுப் பெட்டியையும் ஒரு டீசல் கேனையும் இறக்கினோம். அறுபது கிலோ. 2,955-இல் நின்றது. விறகை வழியில் வாங்கிக்கொண்டால் போயிற்று. கூரையிலிருந்து இறக்கியதில் இன்னொரு லாபம், ஓடைக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும்போது வண்டி தள்ளாடவில்லை.

குவார்ன் ஊரைத் தாண்டி ஹாக்கர் போகும் வழியில் ஒரு கேரவன் ரோட்டோரம் கவிழ்ந்து கிடந்தது. அதை இழுத்து வந்த வண்டி எதிர்த் திசையைப் பார்த்து நின்றது. என் வயசுக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. சமையல் பாத்திரங்கள் ஐம்பது அடிக்குச் சிதறிக் கிடந்தன. காரணம் என்ன என்று எங்களுக்குத் தெரியாது. பாரம்தான் என்று சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை மட்டும் அதற்குப் பிறகு தொண்ணூறைத் தாண்டவில்லை.

பிராச்சினா பள்ளத்தாக்கில் பாதையே ஓடைக்குள்தான். மண்பாதை தொடங்கிய இடத்தில் டயர்க் காற்றைக் குறைத்துவிட்டு, தினமும் சக்கர போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனோம். ராத்திரி குளிர் எலும்பைத் தொட்டது. முன் தொட்டித் தண்ணீர் குறையக் குறையக் கொக்கிப் பாரமும் குறைந்ததால், திரும்பும் நாளில் பெட்டிகளை முன்பக்கம் நகர்த்தி வைத்தோம். புண்ணாக்கு மூட்டைக்குப் பதில் மீன் டப்பா.

இப்போது நம் திருப்பூர், சோமனூர்ப் பையன்களும் ஜீப் கூரையில் கூடாரம் மாட்டிக்கொண்டு வால்பாறைப் பக்கம் கிளம்புகிறார்கள். நல்ல விஷயம்தான், பனியன் கம்பெனிச் சத்தத்திலிருந்து இரண்டு நாள் விடுதலை. ஆனால் அந்தக் கூடாரமே ஐம்பது, அறுபது கிலோ வரும். மாட்டும் சட்டம் தனி. பல வண்டிகளில் ஓடும்போது கூரை தாங்க வேண்டியது நூறு கிலோவோ அதற்கும் கீழோதான், அதில் சட்டத்தின் எடையும் அடக்கம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. அந்த உயரத்தில் இருக்கும் கனம் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை வெளியே தள்ளும். கூரையில் தண்ணீர்க் கேனும் கேஸ் சிலிண்டரும் ஏற்றும் பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வீட்டுச் சிலிண்டர் நிரம்பியிருந்தால் முப்பது கிலோ!

பேரப்பிள்ளைகள் யாராவது புறப்பட்டால் ஒரு வேலை மட்டும் செய்யச் சொல்லுங்கள். பஞ்சு லாரிக்கும் நூல் லாரிக்கும் நம்மைச் சுற்றி எடைமேடைகள் உண்டு. போகிற நாளில், ஆட்கள் உட்கார்ந்து, டீசல் நிரப்பி, எல்லாச் சாமானும் ஏறிய பிறகு நிறுக்க வேண்டும். முதலில் முழு வண்டி. அடுத்து முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு சீட்டு, பின் சக்கரம் மட்டும் நிற்க இன்னொரு சீட்டு. மூன்றையும் வண்டியின் தகட்டோடு ஒத்துப் பார்க்கட்டும். மேடைக்காரர் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும்.