தன்மை ஒருமை

கல்லூரிப் படியேறுதற்கு மதிப்பெண் பட்டியலே போதும் என்பது நம் நாட்டில் வேரூன்றிய வழக்கு. மனோன்மணீயம் சுந்தரனார் தத்துவம் கற்பித்த கல்லூரி இத்திருவனந்தபுரத்தில் இன்றும் சிறந்து விளங்குகிறது. அங்கு இளங்கலையில் சேர விழையும் மாணவரிடம் 'எத்தனை மதிப்பெண்?' என்பரேயன்றி, 'நீ யார்?' என்று எவரும் வினவுவதில்லை. மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் நுழைவுத் தேர்வு உண்டெனினும், ஆங்கும் எண்ணே பேசும்.

அமெரிக்கக் கல்லூரிகளின் முறை வேறு. 1975-இல் 15 கல்லூரிகள் கூடித் தொடங்கிய 'காமன் அப்ளிகேஷன்' என்னும் பொது விண்ணப்பத்தை இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன. அவற்றுள் பல, மாணவர் தம்மைப் பற்றி 650 சொற்களுக்கு மிகாத கட்டுரையொன்று அதில் வரைதல் வேண்டுமென்கின்றன. இவ்வழக்கின் பழங்கதை இனியதன்று. தேர்வுகளில் வென்று யூத மாணவர் பெருகியது கண்டு, அவர்தம் தொகையைக் குறைக்கும் நோக்குடன் 1920-களில் ஹார்வர்டு முதலிய பல்கலைக்கழகங்கள் 'குணநலன்' என்னும் அளவுகோலைக் கையிலெடுத்தன. ஆயினும் இன்று, தொலைதூரத்துப் பிள்ளையொன்று தன் கதையைக் கூறவும் அதுவே இடந்தருகிறது.

கரமனையில் நம் அண்டை வீட்டுப் பெண், பன்னிரண்டாம் வகுப்பில் பயின்றபோது, இத்தகைய கட்டுரைக்கு உதவி நாடி நம்மிடம் வந்தாள். அவள் தந்தை நெல்லைச் சீமையிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதுபவர். நாமோ இளங்கலைப் பட்டத்துடன் இருபதாண்டுகளாக மத்திய அரசு அலுவலக எழுத்தர். கோப்பில் குறிப்பெழுதிப் பழகிய கைக்கு 'நான்' என்னும் சொல் அயலானது. 'பரிசீலிக்கப்பட்டது', 'ஆணை வேண்டிச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்றே எழுதுவோம். செய்தவர் யாரென்பது வாக்கியத்தில் தெரியாது.

அவள் கொணர்ந்த முதற்படியும் அவ்வாறே இருந்தது. தலைமைப் பண்பும் தேசத் தொண்டும் அதில் நிறைந்திருந்தன, அவளைக் காணோம். நாமே எழுதித் தந்துவிடலாமெனத் தந்தையார் விரும்பினார். கூலிக்கு எழுதித் தருவோர் உளர். இன்று கணினியும் நொடியில் எழுதித் தரும். அதனைத் தன் எழுத்தென அனுப்புதல் மோசடி என்பது அப்பொது விண்ணப்பத்தின் விதி. விதி இல்லையாயினும், பிறர் எழுதின் அது அவள் கட்டுரை ஆகுமா? ஆகவே எழுதுகோலை அவளிடமே விடுத்து, கேள்விகளை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம்.

"வீட்டில் நீ இல்லாவிட்டால் நடக்காத வேலை எது?" என்றோம்.

"பெரிதாக ஒன்றுமில்லை மாமா. பாட்டிக்கு மலையாளம் தெரியாது. பஸ், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நான்தான் கூடப் போவேன்."

ஆஸ்பத்திரி என்றவுடன் அவள் குரல் தாழ்ந்தது. மேலும் கேளாது காத்திருந்தோம். பதினான்கு வயதில் நிகழ்ந்ததைப் பின்னர் அவளே கூறினாள். மருந்து வாங்கத் தந்தை வெளியே சென்றிருந்த வேளையில் மருத்துவர் மலையாளத்தில் சொன்னாராம்: இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லலாம் என்று. பாட்டி அவள் முகத்தைப் பார்த்தாள். பேத்தி இரண்டாம் பாதியை மட்டும் தமிழாக்கினாள். "வீட்டுக்குப் போகலாமாம் பாட்டி." மகிழ்ந்த கிழவி, வழியில் பிச்சிப்பூ வாங்கச் சொன்னாளாம்.

"இதையா எழுதுவது?" என்றாள். "எழுதலாமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்" என்றோம். மூன்று நாள் கழித்து வந்தாள். முதலில் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை இரண்டைச் சுட்டியதன்றி நாம் எதனையும் தொடவில்லை. பூ வாங்கிய இடத்தில் ஆங்கிலம் சற்றே தடுமாறியது, அத்தடுமாற்றத்தையும் விட்டுவைத்தோம்.

அனுப்புமுன் தந்தையிடம் அதனைத் தமிழில் படித்துக் காட்டினாள். பாட்டியின் கடைசி மூன்று மாதமும், மகளுக்கு ஒன்றும் தெரியாதென்றெண்ணி மறைத்தவர் அவர். தந்தை தாங்கமாட்டார் என்றெண்ணி மறைத்தவள் இவள். ஒரே வீட்டில் இருவர் தனித்தனியே சுமந்த பாரம் அன்றுதான் இறங்கியது.

சேர்க்கை கிட்டியதா என்பீர்கள். ஒரு கல்லூரி இடமளித்தது, உதவித்தொகை போதவில்லை. அவள் இந்நகரிலேயே பயில்கிறாள்.

மொழி மாறிய ஊரில் குடியேறிய நம் இல்லங்களில், சிறுபிள்ளைகளே பெரியோர்க்கு நாவாய் நிற்கின்றனர். எதனைச் சொன்னார்கள், எதனை விழுங்கினார்கள் என நாம் கேட்பதில்லை. எந்தக் கல்லூரியும் கேட்பதற்கு முன்னரே, 'நீ யார்?' என்று அவர்களை ஒருமுறை நாமே கேட்போமாக.