இறங்கினேன்... ஏறினேன்... மறுபடி இறங்குகிறேன்!

எட்டு கிலோ இளைத்தேன், பத்து கிலோ இளைத்தேன் என்று சகோதரிகள் எழுதுவதை நானும் ஆசையாகப் படிப்பவள்தான். ஆனால் என் கதை வேறு. நான் எட்டு கிலோ இளைத்து, அதில் ஆறு கிலோவைத் திரும்ப ஏற்றிக்கொண்டவள். அதற்குப் பிறகு மறுபடி ஆரம்பிக்க எப்படி மனசு வந்தது என்று சொன்னால், என்னைப் போல் சோர்ந்து உட்கார்ந்துவிட்ட ஒருவருக்காவது உதவுமே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

எனக்கு வயது 46. வாலாஜாபாத்தில் வீடு. ஐந்தடி ஓரங்குல உயரத்துக்கு 76 கிலோ இருந்தேன். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் கடைசியில் ஒரு விரலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 118 என்று வந்த அன்றைக்கு அம்மாவின் அந்தக் கால்தான் கண் முன்னால் நின்றது. "100-லிருந்து 125 வரைக்கும் வாசற்படி மாதிரி. 126 வந்துட்டா உள்ளே வந்தாச்சுன்னு அர்த்தம். நீங்க இன்னும் வாசற்படியில்தான் இருக்கீங்கம்மா" என்றார் டாக்டர்.

அந்தப் பயத்திலேயே நடக்க ஆரம்பித்தேன். விடிகாலையில் ரயில் நிலையம் வரை போய் வருவேன். மூன்று வேளைச் சோறும் டிபனும் பாதியானது. பத்து மாதத்தில் 68 கிலோ! சர்க்கரையும் 104-க்கு இறங்கியது. ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டேன். தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம் "என்னக்கா, எளைச்சுட்டீங்க!" என்று கேட்கக் கேட்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம்தான் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஐப்பசி மழையில் பேரன் பிறந்தான். பத்தியச் சமையல், பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, லேகியம், நெய் என்று அடுப்பங்கரையே கதியானேன். மகள் வைத்த மிச்சத்தை, 'இத்தனை நெய் விட்டுச் செய்ததை வீணாக்குவதா' என்று நானே சாப்பிடுவேன். ராத்திரி குழந்தை அழுதால் முழித்திருக்க ஒரு டீ, கூட நாலு பிஸ்கட். நடை நின்றே போச்சு. பங்குனியில் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு எடை மெஷினில் ஏறினால், முள் 74-ல் போய் நின்றது!

சகோதரிகளே, அந்த ஆறு கிலோகூட எனக்குப் பெரிய கெடுதல் செய்யவில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் கெடுதல். எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். நடக்கப் போனால் யாராவது "மறுபடி போட்டுட்டீங்களே" என்று கேட்பார்களோ என்று வீட்டுக்குள்ளேயே இருந்தேன். சித்திரை பிறக்கட்டும் என்றேன். பிறகு ஆடி போகட்டும் என்றேன். 'எப்படியும் சித்திரையிலிருந்து கட்டுப்பாடுதானே' என்று அதுவரைக்கும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டேன்!

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் என் மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை கொடுக்க ஒரு பெண் மாதாமாதம் வீட்டுக்கு வருவாள். "அக்கா, உங்களுக்கும் பார்த்துடலாமா?" என்று கேட்பாள். அடுப்பில் வேலை இருக்கு என்று சொல்லி மூன்று மாதம் சமையலறைக்குள் ஒளிந்துகொண்டேன். சர்க்கரைக்குப் பயந்து ஆரம்பித்தவள், சர்க்கரை பார்க்கவே பயந்து ஒளிந்தேன் பாருங்கள்!

மாமியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: "ஏண்டி, அந்த வருஷம் மழையில தென்னேரி நெலத்துல நாத்தெல்லாம் அழுகிப்போச்சே. நம்ம என்ன, நெலத்தையா வித்துட்டோம்? மறுபடி நாத்து வாங்கி நட்டோமா இல்லியா?"

நான், "ஆறு கிலோ ஏறிப்போச்சு அத்தை" என்று அழுதுவிட்டேன்.

"எட்டுல ஆறு போனா மீதி ரெண்டு இருக்குல்ல? அதை யாரு கொறைச்சது?" என்றார்.

அடுத்த தடவை அந்தப் பெண் வந்தபோது விரலை நீட்டினேன். அவள் சொன்னபடி டாக்டரிடம் போய் வெறும் வயிற்றில் பார்த்ததில் 121. இன்னும் வாசற்படியில்தான் இருந்தேன். "நாக்கை அடக்கத் தெரியவில்லை டாக்டர்" என்று நான் சொன்னதற்கு அவர் சிரித்தார். "நாக்கு மட்டும் காரணமில்லைம்மா. எடை குறைஞ்சா உடம்பு பஞ்சம் வந்துட்டதா நினைச்சுக்கும். பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். அதனால இறக்கறதைவிட இறக்கினதைக் காப்பாத்தறதுதான் கஷ்டம். உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார்.

எனக்கு அதைவிடத் தெம்பு தந்தது அவர் சொன்ன இன்னொரு விஷயம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், என்னைப் போல் சர்க்கரையின் வாசற்படியில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2006-ல் வெளியிட்டார்களாம். வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருக்கிறது. நடையையும் சாப்பாட்டையும் ஒழுங்கு செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. அவர்களுக்கு எடை அப்படியொன்றும் குறையவில்லை என்பதுதான் இதில் விசேஷம்! முள் அசையாத நாளிலும் நாம் நடந்த நடை வீண் போவதில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் காலையே செருப்பை மாட்டினேன். வெள்ளிக்கிழமை ஆகட்டும், மாசம் பிறக்கட்டும் என்று நாள் பார்க்கவில்லை. இந்தத் தடவை நான் கடைப்பிடிப்பவை இவைதான்:

நடை: ஆரம்பத்தில் பத்தே நிமிஷம். இப்போது நாற்பது நிமிஷம். மழை பெய்தால் வீட்டுக்கூடத்திலேயே நடக்கிறேன். என்ன வேலை இருந்தாலும் அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் விடுவதில்லை.

மிச்சம்: பானையில் போடும் அரிசியையே அரை ஆழாக்குக் குறைத்துவிட்டேன். மிச்சமே இல்லாவிட்டால் 'வீணாகிறதே' என்று சாப்பிடவும் வேண்டாமே!

தட்டு: முதலில் பொரியலும் கீரையும் பாதித் தட்டு. பக்கத்தில் பருப்போ சுண்டலோ முட்டையோ ஏதாவது ஒன்று. அதற்குப் பிறகுதான் சோறு, இரண்டு கரண்டி. போன தடவை மாதிரி வயிற்றைக் காயப்போடுவதில்லை.

விசேஷம்: கல்யாண வீட்டில் ஒரு ஜாங்கிரி சாப்பிட்டால் 'இன்றைக்குத்தான் போச்சே' என்று இரண்டாவதை எடுப்பதில்லை. அடுத்த வேளையே பழைய வழிக்கு வந்துவிடுவேன்.

அளவு: எடை மெஷின் கட்டிலடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ஏறுகிறேன். மாதம் ஒருமுறை தையல் டேப்பால் இடுப்பையும் அளக்கிறேன். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருப்பது நல்லதாம். எனக்கு 38 இருந்தது, இப்போது முப்பத்தைந்தரை. போக வேண்டிய தூரம் இருக்கிறது!

பிள்ளை பெற்ற இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. என் மகளும் உடனே இளைக்க வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தப் பார்த்தாள். நான் விடவில்லை. பால் கொடுக்கும் காலத்தில் பட்டினி கூடாது. நன்றாகச் சாப்பிட்டு, டாக்டர் சரி என்ற பிறகு மெதுவாக நடக்க ஆரம்பித்தால் போதும். ஒழுங்காக இருந்தும் காரணமில்லாமல் எடை ஏறுகிறவர்கள் தைராய்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எட்டு மாதமாகிறது. இப்போது 70 கிலோ. போன தடவை வந்த 68-ஐ இன்னும் எட்டவில்லை. சர்க்கரை 107. இந்த ஐப்பசியில் பேரனுக்கு இரண்டாவது பிறந்தநாள், கேக்கும் பாயசமும் உண்டு. அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறத்தான் செய்யும். ஏறட்டும். மறுநாள் காலையில் எடை மெஷினில் ஏறிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் ரயில் நிலையத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவேன்.

உங்கள் வீட்டு எடை மெஷின் எங்கே இருக்கிறது சகோதரிகளே? கட்டிலுக்கு அடியில் இருந்தால், இன்றைக்கே வெளியே எடுத்துத் தூசு தட்டி வையுங்களேன்!