குழந்தையின் இதயம்: காதை விட முதலில் கண் வேண்டும்

1/ மண்ணூர்ல குழந்தைகள் கிளினிக் நடத்துறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகள்ல ஷிப்ட் பார்க்கிற குடும்பங்கள்தான் பெரும்பாலும் வருவாங்க. "நெஞ்சுல ஏதோ சத்தம் கேக்குதாம் டாக்டர், ஹார்ட்ல ஓட்டையா?" இந்தக் கேள்வி அடிக்கடி வரும். அதுக்குத்தான் இந்த நீண்ட இழை.

2/ முதல்ல நல்ல செய்தி. சத்தம் எல்லாம் ஓட்டை இல்லை. நல்லா ஓடியாடுற நிறைய குழந்தைகளுக்கு ரத்தம் வேகமா ஓடுறதால மட்டுமே மர்மர் சத்தம் கேட்கும். காய்ச்சல் வந்தா கூடும், வளர வளரப் போயிடும். அப்போ எதைப் பார்த்து பயப்படணும்? அதுக்கு முன்னாடி ஒரு டாக்டரம்மா கதை.

3/ ஹெலன் டௌசிக். 1898ல் அமெரிக்காவில் பிறந்தவர். சின்ன வயசில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்டவர். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி அப்போ பெண்களுக்குப் பட்டம் தராது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போய்ப் படிச்சு, 1930ல் அங்கேயே குழந்தைகள் இதய கிளினிக் பொறுப்பை ஏற்றார். அந்தக் காலகட்டத்துல அவருக்குக் காது கேட்கறது குறைஞ்சு போச்சு.

4/ ஸ்டெதாஸ்கோப்பே முக்கியக் கருவியா இருந்த காலம் அது. அவர் என்ன பண்ணார்? குழந்தையின் மார்பில் விரலை வச்சு அதிர்வைப் படிச்சார். நிறம், மூச்சு, உட்காரும் விதம் எல்லாத்தையும் கண்ணால பார்த்தார். நீலம் பாரிச்ச குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போற ரத்தம்தான் குறைவுன்னு கண்டுபிடிச்சார். 1944 நவம்பர் 29, அறுவை நிபுணர் ஆல்ஃபிரட் பிளேலாக் அதுக்கு மாற்றுவழி போட்டார். அதை ஆய்வகத்தில் செஞ்சு பழகிய விவியன் தாமஸ் பின்னால நின்னு சொல்லிக் கொடுத்தார். குழந்தைகள் இதய மருத்துவம் தனித்துறையா நிமிர்ந்தது அங்கேதான்.

5/ அவர்கிட்ட வந்து பயிற்சி எடுத்தவங்கள்ல ஒருத்தர் நம்ம டாக்டர் எஸ்.பத்மாவதி. 1917ல் பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படிச்சு, 1942ல் ஜப்பான் படையெடுப்பப்போ தாய், சகோதரிகளோட கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர். இந்தியாவின் முதல் பெண் இதய நிபுணர். 2020ல் மறையும்போது வயசு 103.

6/ இதை ஏன் சொல்றேன்? காது சரியாக் கேட்காத ஒருத்தர், உத்துப் பார்த்தே குழந்தைகளோட இதயத்தைப் படிச்சார். அந்தப் பார்க்கிற வேலையில பாதியை ஒரு தாயும் செய்யலாம். எங்களை விட நல்லாவே செய்யலாம்.

7/ உயிரோடு பிறக்கிற 1000 குழந்தைகள்ல சுமார் 8, 9 பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கும். அதிகம் பார்க்கிறது வி.எஸ்.டி. கீழ் அறைகளுக்கு நடுச்சுவர்ல ஓட்டை. சின்ன ஓட்டை நிறைய தானாவே மூடிக்கும். வேடிக்கை என்னன்னா, சின்ன ஓட்டைக்குத்தான் பெரும்பாலும் சத்தம் அதிகம். குறைகுடம் கூத்தாடுற மாதிரி. பெரிய ஓட்டை அடக்கி வாசிக்கும்.

8/ இன்னொண்ணு. பிறந்த உடனே நுரையீரல்ல அழுத்தம் அதிகம். அதனால ஓட்டை வழியா ரத்தம் பாயாது, சத்தமும் இருக்காது. டிஸ்சார்ஜ் அன்னிக்கு "எல்லாம் நார்மல்"னு எழுதினது பொய் இல்லை. நாலு, ஆறு வாரத்துல அழுத்தம் இறங்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கும். எங்க ஏரியாவுல அதுக்குள்ள ஊரே மாறிடும். பிரசவம் தாய்வீட்ல, அஞ்சாம் மாசம் லைன் வீட்ல. பிறந்தப்போ பார்த்த டாக்டர் வேற, இப்போ பார்க்கிற டாக்டர் வேற.

9/ அப்படி வந்த ஒரு குழந்தை. மூன்றரை மாசம், எடை 3.9 கிலோ. பிறந்தப்போ 2.8. ரெண்டு தடவை சளிக்கு மருந்து வாங்கியாச்சு. அப்பா நைட் ஷிப்ட். "பால் குடிக்கிறப்போ நெத்தியெல்லாம் வேர்க்குது சார். ஷீட் வீடு, சூடுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா பக்கத்துல படுத்திருக்கிற பெரியவனுக்கு வேர்க்கலையே?" அந்த ஒரு கேள்விதான் எக்கோ எடுக்க வச்சது. பெரிய வி.எஸ்.டி. மருந்து கொடுத்து, காப்பீட்டுல ஆபரேஷன் முடிஞ்சு, இப்போ ஓடுறான்.

10/ அதனால இதைக் குறிச்சுக்கோங்க. பால் குடிக்க ஆரம்பிச்சு நடுவுல களைச்சு விட்டுடறது, குடிக்கும்போது நெற்றி வேர்க்கிறது, தூங்கும்போதும் விலா இழுத்து வேகமா மூச்சு, எடை ஏறாதது, திரும்பத் திரும்ப நிமோனியா. இதை தோஷம், கணைச்சூடுன்னு சொல்லித் தள்ளிப்போடாதீங்க. பெரிய ஓட்டையை ரொம்ப நாள் விட்டா நுரையீரல் ரத்தக்குழாய் கெட்டியாகிடும். அப்புறம் ஓட்டையை மூடவே முடியாத நிலை வரும். காலக்கெடு இருக்கிற நோய் இது.

11/ உதடு, நாக்கு நீலமானா அன்னிக்கே ஆஸ்பத்திரி. அழுது நீலம் கூடினா முழங்காலை நெஞ்சோட மடக்கிப் பிடிச்சுக்கிட்டே கிளம்புங்க. பிறந்து 24 மணி நேரம் கழிச்சு கை, கால்ல ஆக்சிஜன் அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்க. வலியில்லை, ஊசியில்லை.

12/ பள்ளிப் பிள்ளைகளுக்கு வேற வில்லன்: ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைப்புண் வந்து ரெண்டு மூணு வாரம் கழிச்சு முட்டி வலி, ஒரு மூட்டிலிருந்து இன்னொண்ணுக்குத் தாவும். வால்வைக் கெடுக்கும். பத்மாவதி வருஷக்கணக்கா ஆராய்ந்த நோய் இது. பென்சிலின் ஊசி மூணு வாரத்துக்கு ஒருதரம் போடச் சொன்னா, வலி போயிடுச்சுன்னு நிறுத்தாதீங்க.

13/ பணம்? 2013லிருந்து ஆர்.பி.எஸ்.கே திட்டத்துல அங்கன்வாடி, அரசுப் பள்ளிக்கே மருத்துவக் குழு வருது. பிறவி இதயக் குறை அவங்க பட்டியல்ல இருக்கு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீடு. சம்பளத்துல இ.எஸ்.ஐ பிடிச்சாங்கன்னா அந்த அட்டையில குழந்தை பேரைச் சேருங்க. இன்னிக்கே.

14/ கடைசியா ஒரு வேலை. டாக்டர்கிட்ட வரும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டு வாங்க. குழந்தை பால் குடிக்கிறதை ஒரு நிமிஷம் போன்ல வீடியோ எடுத்துட்டு வாங்க. கிளினிக்ல அழற குழந்தையோட நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப் வச்சா அழுகைதான் கேட்கும். அந்த ஒரு நிமிஷ வீடியோ நிறைய சொல்லும். பகிருங்க, யாராவது ஒரு வீட்டுக்கு உதவும்.