தஸ்ராக்கில் தொங்கும் தில்லி

வாளையாரைத் தாண்டியதும் பனைகள் வரிசை கட்டத் தொடங்குகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று விடாமல் வீசுகிறது. சித்தூர் இருப்பது கேரளத்தில். ஆனால் கடைவீதியில் காதில் விழுவது தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. இங்கே சோகநாசினி ஆற்றங்கரையில், தெக்கே கிராமத்தில், எழுத்தச்சன் மடம் இருக்கிறது. மலையாளக் கவிதையின் தந்தையாகப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சனின் கடைசிக் காலம் கழிந்த இடம் இதுதான் என்கிறது மரபு. அவருடையவை என்று நம்பப்படும் எழுத்தாணியையும் பழைய சுவடிகளையும் இன்றும் பாதுகாக்கிறார்கள்.

எழுத்தாணி கீறிய ஓலையைப் பார்த்துவிட்டு, பாலக்காடு பக்கம் திரும்பினால் இன்னொரு கோடு காத்திருக்கிறது. இது பேனாவும் மையும் போட்ட கோடு. இடம் தஸ்ராக். வரைந்தவர் ஓ.வி. விஜயன்.

1956ல் விஜயனின் சகோதரிக்கு இந்த ஊரின் ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. முடித்திருந்த விஜயனும் இங்கே வந்து தங்கினார். ஊர் 'கஸாக்' ஆனது. 1969ல் புத்தகமாக வந்த 'கஸாக்கின்டெ இதிஹாஸம்' மலையாள நாவலின் போக்கையே திருப்பியது. அதனால் வருகிறவர்கள் ரவியையும் அப்புக்கிளியையும் தேடுகிறார்கள். 'ஞாற்றுப்புர' என்ற பழைய கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நினைவகச் சுவரில் தொங்கும் கார்ட்டூன்களை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

இது பெரிய இழப்பு. விஜயனுக்குப் பல ஆண்டுகள் சோறு போட்டது கார்ட்டூன்தான். 1958ல் தில்லி 'சங்கர்ஸ் வீக்லி'யில் சேர்ந்தார். பிறகு 'பேட்ரியட்', 'ஸ்டேட்ஸ்மன்', 'இந்து' என்று வரைந்தார். மலையாளத்தில் 'கலாகௌமுதி' வாசகர்களுக்கு அவரது 'இத்திரி நேரம்போக்கு, இத்திரி தர்சனம்' வாரந்தோறும் வந்தது.

சிரிக்கலாம் என்று இந்தப் படங்களின் முன் நிற்பவர் ஏமாந்துபோவார். கறுப்பு அதிகம், அலங்காரம் குறைவு. நகைச்சுவை தொண்டையில் சிக்குகிறது. அவர் மறைந்த மறு ஆண்டு, 2006ல், வெளியான கார்ட்டூன் தொகுப்புக்கு 'டிராஜிக் இடியம்' என்று பெயர் வைத்தது பொருத்தம்தான். அவசரநிலை வந்த 1975ல் 'சங்கர்ஸ் வீக்லி' நின்றுபோனது. அதிகாரத்தின் ஆபாசத்தை நாறடித்த விஜயனின் 'தர்மபுராணம்' நாவல் தொடராக வெளிவர 1977 வரை காத்திருந்தது. அந்தக் கோபத்தின் கோட்டு வடிவம்தான் இந்தச் சுவரில் இருக்கிறது.

பத்திரிகைக் கார்ட்டூனுக்கு ஆயுள் ஒரு நாள். மறுநாள் அதில் வடை மடிப்பார்கள். போதாததற்கு, பார்கின்சன் நோய் விஜயனின் வரையும் கையையே நடுங்க வைத்தது. 2005 மார்ச் 30ல் ஹைதராபாத்தில் அவர் காலமானார். தில்லி அரசியலுக்காகப் போட்ட கோடுகள் இன்று வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூரில் நிலைத்திருப்பது சின்ன அதிசயம்.

நாவலைத் தமிழில் தந்து, 2017ம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்ற யூமா வாசுகியும் ஓவியர்தான். 'கசாக்கின் இதிகாச'த்தைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் கார்ட்டூன் சுவருக்கும் அரை மணி நேரம் ஒதுக்கலாம். அதிகாரத்தில் இருந்தவர்களின் பெயர்கள் மறந்துபோயிருக்கும். அதிகாரம் அடையாளம் தெரியும்.