வின்ட்சரில் ஒரு புலித்தலை

லண்டன்,
சனிக்கிழமை இரவு.

அன்புள்ள நண்பா,

இன்று வின்ட்சர் கோட்டைக்குப் போய்விட்டு இப்போதுதான் அறைக்குத் திரும்பினேன். பார்த்ததை இன்றைக்கே உனக்கு எழுதிவிட வேண்டும்.

பாடிங்டனில் ரயிலேறி, ஸ்லவ்வில் வண்டி மாறினால் ஆறே நிமிடத்தில் வின்ட்சர். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரிலேயே கோட்டை. 1070 வாக்கில் வெற்றிவீரன் வில்லியம் மண்மேடு எழுப்பி மரத்தில் கட்டத் தொடங்கியது. பின்னால் இரண்டாம் ஹென்றி கல்லுக்கு மாற்றினார். மேட்டின் மேலே வட்டக் கோபுரம். சுற்றியுள்ள அகழியில் நம் வேலூரைப் போலத் தண்ணீர் கிடையாது, பூந்தோட்டம் போட்டிருக்கிறார்கள். அரச குடும்பம் இன்றும் புழங்கும் கோட்டை இது.

அரண்மனைப் படிக்கட்டு ஏறியதும் ஒரு முன்மண்டபம். சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகள். அவற்றில் ஒன்றின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். மரத்தின் மேல் தங்கத் தகடு போர்த்திய புலித்தலை. கண்ணும் பல்லும் ஸ்படிகம். திப்பு சுல்தானின் சிம்மாசனத்தில் இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அந்தச் சிம்மாசனத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பங்கு போட்டார்கள். இந்தத் தலையை 1831இல் கிழக்கிந்தியக் கம்பெனி நான்காம் வில்லியம் மன்னருக்குக் கொடுத்தது.

அந்தச் சிம்மாசனத்துக்குரியவனின் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? நம் வேலூர்க் கோட்டையில்! 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து திப்புவின் கொடியை ஏற்றியதும் அங்கேதானே. நாம் திப்பு மஹாலைப் பார்த்து வளர்ந்தோம், இந்தப் புலியைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. இங்கே வருகிறவர்கள் புலியைப் பார்க்கிறார்கள், வேலூர் என்ற பேரே அவர்கள் காதில் விழுவதில்லை. ஒரே கதை, ஆளுக்குப் பாதி.

அடுத்து செயின்ட் ஜார்ஜ் மண்டபம். 1992 நவம்பர் 20 அன்று திரைச்சீலை ஒன்றில் விளக்கின் சூடு பட்டுப் பிடித்த தீ 15 மணி நேரம் எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் பாழாயின. இந்த மண்டபத்தின் கூரையும் போனது. பழைய தச்சுமுறையில் பச்சை ஓக் மரத்தை இழைத்துப் புதுக்கூரை அமைத்திருக்கிறார்கள். சரியாக ஐந்தாம் ஆண்டு அதே நாளில் திருப்பணி நிறைவு. அண்ணாந்து பார்க்கப் பார்க்க அந்தத் தச்சர்களைக் கும்பிடத் தோன்றியது. எரிந்ததைக் கட்டிவிட்டார்கள், பிரித்துப் பங்குபோட்ட சிம்மாசனத்தை இனி யார் கூட்டுவது?

கடைசியாகத் தேவாலயம். 1475இல் நான்காம் எட்வர்ட் தொடங்கியது. கல்லில் இழைத்த விதானம் பனையோலை விசிறிகளை விரித்து வைத்தது போல இருக்கிறது. தரையில் ஒரு கறுப்புப் பளிங்குக்கல்லுக்கடியில் எட்டாம் ஹென்றியும், 1649இல் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸும். பக்கத்துச் சிற்றாலயத்தில் இரண்டாம் எலிசபெத் அரசி, தாய் தந்தையுடனும் கணவருடனும் ஒரே கல்லின் கீழ். குடும்பமாகச் சேர்ந்து கிடக்கிறார்கள். திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில், அவன் பிள்ளைகளைக் கலகத்துக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள், அவன் குடும்பத்துப் பெண்களான பக்ஷி பேகமும் பாதுஷா பேகமும் நம் ஊர் மண்ணில்.

அந்தச் சமாதிகளைத் தாண்டி எத்தனை தடவை சைக்கிளில் போயிருப்போம். ஒருநாளாவது உள்ளே போனோமா? விடுமுறைக்கு வரும்போது முதல் வேலை அதுதான். அதுவரை பொறுக்காமல் இந்த வெள்ளிக்கிழமையே நீ போய்வந்தால் இன்னும் நல்லது. கொஞ்சம் பூ வாங்கிக்கொண்டு போ. புலியைப் பார்த்துவிட்டேன் என்று அங்கே சொல்.

என்றும் உன்
நண்பன்.