கப்பல் ஏறிய துறை

பினாங்கில், ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவில் ஒரு நாகூர் இருக்கிறது. 1800களின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் எழுப்பிய சின்ன தர்கா. அடக்கம் எதுவும் அதற்குள் கிடையாது. கப்பலில் பத்திரமாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாகூர் ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது, கட்டிக்கொண்டார்கள். கல்யாணமாகி பினாங்கு வந்த புதிதில் நான் தனியாகப் போய்வந்த முதல் இடம் அதுதான். ஒரத்தநாட்டிலிருந்து கிளம்பும்போதே அப்பாயி சொல்லி அனுப்பியிருந்தது: "ஒங்க தாத்தா கப்பலுக்குப் போனப்ப நாகூராண்டவருக்குத்தான் நேந்துக்கிட்டேன். அங்கயும் அவரு இருக்காராம், போய்க் கும்பிட்டுக்க."

எங்கள் கரையிலிருக்கும் நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். உயரம் 131 அடி. அவர் வழிவந்த இரண்டாம் சரபோஜிதான் எங்கள் ஊரில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். ராமேசுவரம் போகிற யாத்திரிகர்களுக்குச் சோறும் படுக்க இடமும் மருந்தும் கொடுத்த சத்திரம் அது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தியது. வழிப்போக்கர்களைக் கவனித்த ஊரில் பிறந்து, வழிப்போக்கர்கள் கரையேறிய ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த நாகப்பட்டினத்துத் துறைதான் என் மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

தாத்தா போனது ரஜுலா கப்பலில். 1926 முதல் 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். டெல்டாவின் எத்தனையோ குடும்பங்களில் அந்தப் பெயர் வீட்டு மனுஷியின் பெயர் மாதிரி புழங்கியது. நாகையில் அது கரையை ஒட்டி நிற்காது. தொலைவில் நங்கூரம் போட்டிருக்கும். ஆளையும் தகரப்பெட்டியையும் படகில் ஏற்றி அலைகளுக்கு மேலே கொண்டுபோவார்கள். வழியனுப்ப வந்தவர்கள் மணலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அப்பாயியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது, இடுப்பில் அப்பாவோடு. கப்பல் எப்போது கண்ணைவிட்டு மறைந்தது என்றுகூடத் தெரியவில்லை என்று சொல்லும். வெயிலில் கண் கூசியதாம்.

சிறுமியாக இருந்தபோது அப்பாயி என்னை நாகைக்கு அழைத்துப்போகும். ஒரத்தநாட்டில் பஸ் ஏறி மன்னார்குடி, திருவாரூர் வழியாகப் போவோம். நாகூரில் வேண்டுதல் முடிந்ததும் கடற்கரைக்கு வந்துவிடும். கடுவையாற்று முகத்துவாரத்தில் படகுகள், கருவாட்டு வாடை, ஓடு சரிந்த பழைய கிட்டங்கிகள், உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டிருந்த சுண்ணாம்புச் சுவர்கள். எல்லாம் அப்போதே பழசு. ஆனாலும் ஆள் நடமாட்டம் இருந்தது, யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பினாங்கு வந்த பிறகுதான் அந்தச் சுவர்களின் வயது எனக்கு உறைத்தது. ஜார்ஜ் டவுன் 1786-இல் தொடங்கிய ஊர். அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே, ராஜராஜன் காலத்தில், ஸ்ரீவிஜய மன்னர் நாகையில் சூடாமணி விகாரம் எழுப்ப, ஆனைமங்கலத்தின் வருமானம் அதற்கு எழுதிவைக்கப்பட்டது. அதைப் பொறித்த செப்பேடுகள் பின்னாளில் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. டச்சுக்காரர்கள் 1658-இல் நாகையைப் பிடித்து, 1690-இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் தலைமையிடத்தையே இங்கே மாற்றினார்கள். 1781-இல் ஆங்கிலேயரிடம் போனது. 1861-இல் தஞ்சாவூருக்கு ரயில் விட்டார்கள். பௌத்தர்களின் பழைய செங்கல் கோபுரம் ஒன்று கடலோடிகளுக்கு அடையாளமாக நின்றிருந்தது. 1867-இல் அதை இடித்துவிட்டார்கள். 1920களில் ரயில்வே பணிமனை பொன்மலைக்குப் போக, தொழிலாளர் குடும்பங்களும் கூடவே போயின. 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் போனதோடு, தமிழகத்துக்கும் மலேசியாவுக்கும் நடந்த பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. 2004 டிசம்பர் 26 பற்றி எழுத என்னால் ஆகாது.

ஜார்ஜ் டவுனும் ஒருகாலத்தில் சாகக் கிடந்ததுதான். 1969-இல் தடையற்ற துறைமுகம் என்ற சலுகை போனது, சரக்குக் கப்பல்கள் பட்டர்வொர்த் பக்கம் நகர்ந்தன. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றுதான் கடைவீடுகளில் ஏழை எளியவர்களைக் குடிவைத்திருந்தது. அச்சுக்கூடம், பூக்கடை, தையல்காரர், தங்கத்தட்டார், துறைமுகக் கூலிகளின் தங்குமிடம் எல்லாமே அந்தக் குறைந்த வாடகையில்தான் பிழைத்தன. 2000-ஆம் ஆண்டையொட்டி அந்தச் சட்டம் எடுக்கப்பட்டதும் வாடகை பல மடங்கு ஏறியது. தலைமுறையாக இருந்தவர்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2009-இல் திங்க் சிட்டி என்ற அமைப்பு வந்து, பழைய கட்டடங்களைச் செப்பனிட மானியம் கொடுத்தது.

செய்த வேலை நல்ல வேலை. அதை மனதாரச் சொல்கிறேன். சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள், ஓட்டுக்குப் பதில் ஓடே போட்டார்கள், கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் மறித்து வைத்திருந்ததை எடுத்து நடக்க வழிவிட்டார்கள். குயின் தெரு மாரியம்மன் கோவில் 1833-லிருந்து அதே இடத்தில் நிற்கிறது, இன்றும் அந்தத் தெருக்களில் தமிழ் கேட்கிறது, பூக்கட்டுகிறார்கள். ஆனால் பக்கத்துச் சந்துகளில் விளக்கு எரிகிற பல வீடுகளில் குடும்பம் இல்லை, விருந்தினர் அறைகள்தான். என் மாமியார் பிறந்த கடைவீடும் காப்பிக்கடையாகிவிட்டது. சுவர் அவர் பிறந்தபோது இருந்ததைவிட அழகாக இருக்கிறது. ஒருமுறை வாசல்வரை அழைத்துப்போனேன். உள்ளே வரவில்லை என்று அஞ்சடியிலேயே நின்றுவிட்டார்.

நாகையை நினைத்து ஏங்கும்போதெல்லாம் இந்தப் பயமும் எனக்குக் கூடவே வருகிறது. நாகை எழ வேண்டும். 1774-இல் டச்சுக்காரர்கள் கட்டிய புனித பேதுரு ஆலயம், அவர்களுடைய கல்லறைத் தோட்டம், ஆற்றோரக் கிட்டங்கிகள், காயாரோகணர் கோவிலைச் சுற்றிய வீதிகள், எல்லாவற்றுக்கும் கொத்தனார் கை பட வேண்டும். முடியாத காரியமில்லை என்பதற்குத் தரங்கம்பாடியே சாட்சி. சுனாமிக்குப் பிறகு இன்டாக் அமைப்பும் டென்மார்க்கிலிருந்து வந்த நன்கொடையாளர்களும் அங்கே பழைய வீடுகளையும் ஆளுநர் மாளிகையையும் மீட்டார்கள். உள்ளூர்க் கொத்தனார்களின் கைதான் அதைச் செய்தது. ஆனால் நாகை பெரிய ஊர், மீன் ஏற்றுகிற, வியாபாரம் நடக்கிற ஊர். அங்கே சுவருக்கு முன்னால் வாடகையைப் பேச வேண்டும். வலை பின்னுகிறவரும் கருவாட்டுக்காரரும் வெளிப்பாளையத்துச் சின்னக் கடைக்காரரும் இருந்த இடத்திலேயே இருக்க ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் சுண்ணாம்பு குழைக்கட்டும்.

2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி கப்பல் கிளம்பியது என்ற செய்தியைப் பினாங்கில் படித்தேன். சில நாட்களிலேயே மழைக்காலத்துக்காக நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. பயணம் சுமார் நான்கு மணி நேரம். பினாங்குக்கு யாரும் கப்பல் விடப்போவதில்லை, அது எனக்குத் தெரியும். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஏறக்குறைய அதே நேரத்தில் வந்துவிடுகிறேன். ஆனாலும் ஊரின் கடல்வாசல் திறந்திருக்கிறது என்ற நினைப்பு, முதல் செய்தியைப் படித்த அன்று முழுக்க என்னை அழவைத்தது. அப்பாயி அதைப் பார்க்க இல்லை.

நான் வளர்ந்த காலத்தில் எங்கள் ஊர் முக்தாம்பாள் சத்திரத்துச் சுவர்களில் ஆலஞ்செடி முளைத்திருந்தது. அந்தச் சிதிலத்துக்குள்ளும் பள்ளிக்கூடத்து மணி அடித்தது, பிள்ளைகள் ஓடினார்கள். அதனாலேயே அந்தக் கட்டடத்தின் மேல் எங்கள் ஊருக்கு உரிமை இருந்தது. நாகையின் கிட்டங்கிகளில் ஒன்றையாவது அப்படி விட்டுவைக்கச் சொல்வேன். ஒரத்தநாட்டிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் கப்பலுக்கு ஆள் அனுப்ப வருகிறவர்கள் ராத்தங்க நாலு அறை, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார நிழலுள்ள நீளத் திண்ணை, அந்தத் தெருவிலேயே பிறந்த ஒருத்தி குறைந்த வாடகையில் நடத்துகிற சாப்பாட்டுக்கடை. ஓட்டலுக்குக் கொடுப்பதற்கு முன்னால், கண்காட்சி வைப்பதற்கு முன்னால், முதல் கிட்டங்கி அவர்களுக்கு.