வாப்பாவின் டோச்

மாணிக்கக்கல் வியாபாரியின் சட்டைப் பையில் காசு இல்லாமல் இருக்கலாம். டோச் இல்லாமல் இருக்காது. எங்கள் நிவித்திகலவில் காலை வேளையில் கல் வியாபாரிகள் கூடும் இடத்தைக் கடந்து போகிறவர்களுக்கு இது தெரியும். கடதாசிச் சுற்றைப் பிரிப்பார்கள், கல்லை இரண்டு விரல்களுக்கிடையில் பிடிப்பார்கள், அடியிலிருந்து டோச் அடிப்பார்கள். வெளிச்சம் உள்ளே புகுந்தால்தான் கல்லுக்குள் வெடிப்பு இருக்கிறதா என்பது தெரியும். என் வாப்பாவும் ஒரு சிறு வியாபாரிதான். அவருடைய டோச் நடுவிரலை விடக் கொஞ்சம் நீளம். அதற்குள் மீண்டும் மீண்டும் சார்ஜ் போடக்கூடிய ஒரேயொரு இலிதியம் அயன் பெட்டரி இருந்தது. அந்தப் பெட்டரியைச் சாகடித்தவள் நான்.

2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாட்டில் டொலர் இல்லை, அதனால் எரிபொருள் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, மார்ச் 31 ஆம் திகதி 13 மணித்தியாலமானது. அப்போது எனக்கு 14 வயது. தவணைப் பரீட்சை நெருங்கியிருந்தது. மெழுகுவர்த்தி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. இஷா தொழுதுவிட்டு வாப்பா படுத்ததும், மேசை லாச்சியிலிருந்து டோச்சை மெதுவாக எடுப்பேன். அதன் கயிற்றை என் ஸ்கார்ப் பின்னால் நுளம்பு வலையில் குத்தித் தொங்கவிட்டால், வெளிச்சம் நேரே கணிதக் கொப்பியில் விழும். அது மங்கி மங்கி அணையும் வரை படிப்பேன். பிறகு இருட்டிலேயே தடவிக்கொண்டுபோய் லாச்சியில் வைத்துவிடுவேன்.

கேட்காமல் எடுப்பது பிழை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பழுதாக்குகிறேன் என்று தெரியாது. சொல்லப்போனால், நல்லது செய்வதாகவே நினைத்தேன். “பெட்டரி முழுசா இறங்கின பொறகுதான் சார்ஜ் போடோணும். இல்லாட்டிப் பழுதாப் போகும்” என்று நானா எப்போதும் சொல்வார். நானாவுக்கு அதை யாரோ சொல்லியிருந்தார்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மறுநாள் கரண்ட் வரும் நேரத்தில் வாப்பா வீட்டில் இருந்தால் சார்ஜ் போடுவார். இல்லாவிட்டால் அது ஒரு நாள், இரண்டு நாள் வெறுமையாகவே லாச்சியில் கிடக்கும்.

ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு, சுரங்கக் குழியில் பங்கு வைத்திருந்த இரண்டு பேர் ஒரு நீலக்கல்லைக் கொண்டு வந்தார்கள். கரண்ட் இல்லை. வாப்பா டோச்சை அடித்தார். இரண்டு நிமிடத்தில் வெளிச்சம் மஞ்சளாகி மங்கியது. தட்டிப் பார்த்தார், அணைத்துப் போட்டார், சரிவரவில்லை. போனில் 4 வீதம்தான் இருந்தது. காலையில் பார்ப்போமே என்றார். வந்தவர்களுக்கும் அவசரம். அப்படியென்றால் வேறு இடத்தில் காட்டுகிறோம் என்று எழுந்தார்கள். நிறம் நல்ல நிறம். வாப்பா துணிந்து எடுத்துவிட்டார்.

சுபஹுக்குப் பிறகு வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, கல்லின் நடுவே முடி போல ஒரு வெடிப்பு ஓடியது. அந்த நட்டத்தை நிரப்ப உம்மாவின் காப்புச் சோடி அடகுக்குப் போனது. “டோச்ச வச்சி வெளையாடினது யாரு?” என்று உம்மா கேட்டபோது, எல்லோருடைய பார்வையும் எட்டு வயதுத் தம்பியின் மேல் விழுந்தது. அடுத்து உம்மாவின் கை அவன் முதுகில் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை.

உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான், நான் செய்தது என்னவென்று எனக்கே விளங்கியது. இலிதியம் அயன் மின்கலத்தை சோனி நிறுவனம் 1991 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடிப்படையான ஆய்வுகளுக்காக ஜோன் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019 இல் நொபெல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு 97 வயது. மின்கலத்தின் ஒரு முனை பெரும்பாலும் பென்சிற்கரி, அதாவது நாம் காரீயம் என்று சொல்லும் பொருள். நமது சப்ரகமுவ மாகாணத்திலேயே, கேகாலை மாவட்டத்தின் போகல சுரங்கத்தில், பாறைக்குள் நரம்பு போல ஓடும் மிகத் தூய காரீயத்தை வெட்டி எடுக்கிறார்கள். சார்ஜ் போடும்போது இலிதியம் அயன்கள் மறுமுனையிலிருந்து வந்து, புத்தகத் தாள்களுக்கிடையில் நாம் வைக்கும் மயிலிறகு போல, காரீயத்தின் படைகளுக்கிடையில் தங்குகின்றன. பாவிக்கும்போது திரும்பிப் போகின்றன. இந்தப் போக்குவரத்துத்தான் பெட்டரியின் உயிர்.

பெட்டரியை அடிமட்டம் வரை இறக்கி அப்படியே விட்டால், உள்ளேயிருக்கும் மெல்லிய செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. அந்தக் காயம் ஆறுவதில்லை. கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். கைத்தொலைபேசி அந்த நிலைக்குப் போவதற்கு முன்னரே தானாக அணைந்துவிடும். மலிவான டோச்சுகள் பலவற்றில் அந்தக் காவல் இல்லை.

அப்படியானால் நானா சொன்னது பொய்யா? இல்லை, அது பழைய உண்மை. முன்பு பாவனையிலிருந்த நிக்கல் கட்மியம் பெட்டரிகளைப் பாதியில் மீண்டும் மீண்டும் சார்ஜ் போட்டால், அந்தப் பாதியையே முழு அளவாகப் பழகிக்கொண்டது போல நடக்கும். அதற்கு நினைவு விளைவு என்று பெயர். அவற்றை இடைக்கிடை முழுமையாக இறக்குவது நல்லது. பெட்டரி மாறிவிட்டது; நம் வாயிலிருக்கும் விதி மட்டும் மாறவில்லை.

இலிதியம் அயன் பெட்டரிக்குப் பட்டினியும் ஆகாது, வயிறு முட்டிய சாப்பாடும் ஆகாது. முழுமையாக ஏறும்போது ஒரு கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ற்று. அந்த உச்சத்திலேயே நெடுநேரம் வைத்திருந்தால் உள்ளே தேவையற்ற தாக்கங்கள் நடந்து, அது விரைவில் முதுமையடையும். 20 வீதத்துக்குக் கீழே இறங்க விடாமல், 80 வீதமளவில் கழற்றிவிடுவது நல்ல பழக்கம். புதிய போன்கள் பலவற்றில் 80 வீதத்தில் நிறுத்தும் வசதியே இருக்கிறது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் ஆயுள் குறையும் என்ற பயமும் வேண்டாம். 50 வீதப்படி இரண்டு முறை போட்டாலும் கணக்கில் அது ஒரு முழுச் சுற்றுத்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி சூடு. தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடுவது, வெயிலில் நிற்கும் ஓட்டோவின் முன்கண்ணாடி ஓரத்தில் போனை விட்டுப் போவது, சார்ஜில் போட்டுக்கொண்டே கேம் விளையாடுவது எல்லாம் அதன் ஆயுளைத் தின்னும். பாவிக்காத போனையோ டோச்சையோ எடுத்து வைப்பதானால், பாதியளவு ஏற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டரி வீங்கியிருந்தால் குத்திப் பார்க்கவோ நெருப்பில் போடவோ கூடாது, அது தீப்பற்றும். உடனே பாவனையை நிறுத்தி, குப்பையோடு சேர்க்காமல், இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்த பிறகும் ஒரு பாடம் மீதமிருந்தது. ஓர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பாவின் முன்னால் போய் நின்றேன். “வாப்பா, அந்த டோச்ச நான்தான்...” என்று தொடங்கினேன். அதற்கு மேல் குரல் வரவில்லை.

“தெரியும் மகள்” என்றார். “டோச் கயித்துல ஒன்ட ஸ்கார்ப் பின் குத்தியிருந்திச்சே.”

மூன்று வருடமாகத் தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

“படிக்கத்தானே எடுத்த. ஆனா தம்பி அடி வாங்கக்குள்ள நீ பேசாம நிண்டாயே, அதுதான் எனக்குக் கவல. நீயா வந்து சொல்லுவாய் எண்டு பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

அடுத்த அறைக்குப் போய்த் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். உம்மாவின் போனில் மூழ்கியிருந்த அவன் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. “அப்படியெண்டா ஒரு அடி கடன்” என்றான்.

போனில் 12 வீதம் காட்டியது. கேமை நிறுத்தச் சொல்லி அதை வாங்கிச் சார்ஜில் போட்டேன். அதற்காகவும் ஓர் அடியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.